கொழுந்தின் துவர்ப்பு

நோர்வூட்டுப் பக்கத்துத் தோட்டங்களிலே விடியலை முதலில் அறிவிப்பது சூரியன் அன்று, அடுப்புப் புகை. மலைமுகட்டை மூடிய பனி விலகுவதற்கு வெகு நேரம் முன்னரே லயங்களின் கூரைகளுக்கு மேல் அது எழுந்துவிடும். அடுப்பில் முதலில் ஏறுவது தேத்தண்ணீர்க் கேத்தல். கோதுமை மா ரொட்டிக்கு இடம் அதன் பின்னர்தான். ரொட்டியும் சம்பலும் ஒரு கோப்பைச் சாயத் தேத்தண்ணீரும் உண்டு முடித்து, பெரட்டுக்களத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்து, கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறும் பெண், அன்று முழுவதும் கிள்ளப்போவதும் அதே செடியின் தளிரைத்தான். வாய்க்குள் இன்னும் துவர்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சுவையின் மூலப்பொருள் அவளுடைய விரல் நுனிகளில் கறையாகப் படிகின்றது. கெகல்கமு ஓயாவின் இரு கரைகளிலும், கடல்மட்டத்துக்கு மேல் 3,500 அடிக்கும் மேலான உயரத்தில், ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலமாக நடந்துவரும் காரியம் இது.

அந்தத் துவர்ப்பு என்ன பொருள், அது உடம்புக்குள் போய் என்ன செய்கின்றது என்ற கேள்விக்கு அண்மைக் காலத்தில் பலவிதமான பதில்கள் புறப்பட்டிருக்கின்றன. கடைகளில் விற்கும் பெட்டிகளின் மேலே, தேயிலை முதுமையைத் தடுக்கும், நீரிழிவைத் தணிக்கும், இருதயத்தைக் காக்கும் என்றெல்லாம் அச்சிடுகிறார்கள். அந்த வாசகங்களில் உண்மையும் உண்டு. உண்மைக்கு மேலே பூசிய மெருகும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது, தேயிலையை விற்பவர்களைக் காட்டிலும் அதனைக் கிள்ளுகின்றவர்களுக்கே அவசியம்.

தேயிலை முதலில் பானமாக வரவில்லை, மருந்தாகவே வந்தது. சீன வைத்தியத்தில் நெடுங்காலம் அதற்கு மூலிகை என்ற மதிப்பு இருந்தது. அங்கிருந்து அதன் பெருமையை யப்பானுக்குக் கொண்டுசென்ற எய்சாய் என்ற பௌத்தத் துறவி, 1211 ஆம் ஆண்டில், தேநீர் அருந்தி உடல்நலம் பேணுவது பற்றித் தனி நூலே எழுதினார். தமிழ் வைத்தியத்துக்குத் தேயிலை பிற்கால விருந்தாளி. ஆனால் அதன் சுவையோ பழைய உறவு. அறுசுவைகளுள் துவர்ப்பை மண்ணும் காற்றும் கூடியதாகச் சித்த வைத்தியர் கூறுவர். கடுக்காய், நாவற்கொட்டை, மாதுளம்பழத் தோல், ஆவாரை ஆகியன துவர்ப்புச் சரக்குகள். நீரிழிவுக்குச் சித்த வைத்தியர் வழங்கிவரும் ஆவாரைக் குடிநீர் பெயர்பெற்றது. அதே ஆவாரையின் பட்டையைக் கொண்டு தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டு வந்தார்கள் என்பதை இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். பச்சைத் தோலில் உள்ள புரதத்தோடு பட்டையின் துவர்ப்புச்சத்து இறுகப் பிணைந்துகொள்வதாலேயே தோல் அழுகாமல் நிற்கின்றது. தேயிலை நாக்கில் செய்வதும் ஏறத்தாழ அந்த வேலைதான். உமிழ்நீரிலுள்ள வழுக்கும் புரதங்களை அது பிடித்துத் திரளச்செய்கின்றது. வழுவழுப்பு நீங்கி வாய் சுருங்குகின்றது. அந்தச் சுருக்கத்தையே துவர்ப்பு என்கிறோம்.

அந்தப் பிணைக்கும் பொருள்களுக்கு இரசாயன நூலார் இட்ட பொதுப்பெயர் பொலிபீனோல். தேயிலையில் இருப்பவற்றுள் முதன்மையானவை கட்டெக்கின்கள். யப்பானியப் பெண் விஞ்ஞானி மிச்சியோ ட்சுஜிமுரா 1929 ஆம் ஆண்டில் பச்சைத் தேயிலையிலிருந்து கட்டெக்கினைப் பிரித்தெடுத்தார். உலர்ந்த தளிரின் எடையில் நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு வரை பொலிபீனோல்களே. செடி எதற்காக இத்தனையைச் சேமித்து வைக்கின்றது? தன்னைத் தின்னவரும் பூச்சிக்கும் விலங்குக்கும் அது வைக்கும் தடை அது என்று தாவரவியலார் கருதுவர். தின்பதற்கு மிக இலகுவான பாகம் தளிர். ஆகவே மொட்டிலும் அதனை அடுத்த இரண்டு இலைகளிலுமே அந்தச் சரக்கு மிகுதி. முற்றிய இலையில் அது குறைந்துபோகும். இரண்டு இலை ஒரு மொட்டு என்று தோட்டத்தில் கண்டிப்பதற்கு விஞ்ஞானம் கூறும் காரணம் இதுவே. கங்காணிமார் அந்தக் காரணத்தை அறியாமலே நூறு ஆண்டுகள் அதை வற்புறுத்தி வந்தார்கள்.

வாழைக்காயை நறுக்கிவைத்தால் சற்று நேரத்தில் கறுத்துப்போவதை நேயர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள். அதைத் தடுக்க நீரிலோ மோரிலோ போடுவது வீட்டு வழக்கம். அந்தக் கறுப்புக்குக் காரணம் காயிலுள்ள ஒரு நொதியம். நொதியம் என்பது உயிர்ப்பொருளுக்குள் இரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் ஒருவகைப் புரதம். காய் முழுதாக இருக்கும்வரை நொதியம் ஓர் அறையிலும் துவர்ப்புப்பொருள் மற்றோர் அறையிலுமாக இருக்கும். கத்தி பட்டுச் சுவர் உடைந்ததும் இரண்டும் சந்திக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசன் மூன்றாவதாக வந்து சேர்கின்றது. தேயிலைத் தொழிற்சாலையில் நடப்பது இந்தச் சந்திப்பேயன்றி வேறன்று. வாழைக்காயில் வேண்டாததாகக் கருதப்படும் கறுப்பு, தேயிலையிலே காசாகின்றது.

மலையிலிருந்து கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்பட்டு வரும் தளிரை முதலில் நீண்ட தட்டுகளில் பரப்பி, காற்றை ஊதி, பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் வாட்டுகின்றனர். பிறகு உருளை இயந்திரத்தில் இட்டு முறுக்கி நசுக்குகின்றனர். இலையின் சுவர்கள் உடைவது அங்கேதான். பின்பு பரப்பி வைத்தால், பச்சை நிறம் மெல்ல மெல்லச் செம்பு நிறமாக மாறும், மணமும் மாறும். மாற்றம் பதமாக வந்த வேளையில் சூட்டடுப்பில் இட்டு உலர்த்துவார்கள். சூடு ஏறியதும் நொதியம் அழிந்து மாற்றம் நின்றுவிடும். சில நிமிடம் முந்தினால் பச்சை வாடை. பிந்தினால் சாரமற்ற சாயம். பழைய தேயிலை தயாரிப்பவர்கள் மூக்கையும் கண்ணையும் நம்பியே இதைச் செய்தார்கள். வெண்சட்டை அணிந்த ஆய்வாளர்களுக்கு அந்த மூக்கின் கணக்கைப் புரிந்துகொள்ள இரண்டு தலைமுறை பிடித்தது.

இந்தக் கட்டத்துக்குப் புளிக்க வைத்தல் என்று பெயர் வைத்தது ஒரு பிழை. கள் புளிப்பதுபோல நுண்ணுயிர்கள் செய்யும் வேலை இது என்று தொடக்கத்தில் எண்ணினார்கள். ஹரல்ட் மான் என்ற இரசாயன அறிஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியத் தேயிலையை ஆராய்ந்து, வேலை செய்வது இலையின் சொந்த நொதியமே என்று காட்டினார். அந்த நொதியம் எத்தகையது என்ற கேள்வியோ நெடுநாள் தீராதிருந்தது. அதனைத் தீர்த்ததில் மலையகத்துக்கே பெரும் பங்குண்டு. 1925 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், நோர்வூட்டிலிருந்து அதிக தூரமில்லாத தலவாக்கலையில், சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கின்றது. அங்கே பணிபுரிந்த லாம் என்பவரும் ஸ்ரீரங்காச்சார் என்பவரும் 1940 ஆம் ஆண்டு முதல் இலங்கைத் தேயிலையின் இந்த மாற்றம் பற்றி ஆங்கில உயிர்இரசாயன ஏடொன்றில் கட்டுரைகள் வெளியிட்டனர். இலையின் நொதியம் செப்பைத் தன்னுள் கொண்ட பொலிபீனோல் ஒட்சியேற்றி என்று ஸ்ரீரங்காச்சார் 1943 இல் எடுத்துக்காட்டினார். உலகம் போரில் எரிந்துகொண்டிருந்த அந்நாளில், மலைநாட்டுப் பனிக்குள் இருந்துகொண்டு ஓர் இலையின் உட்பொருளை ஒருவர் பொறுமையாக அளந்துகொண்டிருந்தார். அந்தப் பெயரை மலையகப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

நொதியத்தின் செயலால் கட்டெக்கின்கள் இரண்டிரண்டாகவும் பலவாகவும் இணைகின்றன. அவ்வாறு பிறக்கும் பொன்னிறப் பொருள்கள் தியாபிளேவின்கள். செங்கபில நிறப் பொருள்கள் தியாருபிகின்கள். சாயத் தேத்தண்ணீரின் பளபளப்பு முன்னதால் வருவது; அடர்ந்த நிறம் பின்னதால் வருவது. பச்சைத் தேயிலை தயாரிப்பவர்கள் தளிரை வந்தவுடனே ஆவியிலோ சட்டியிலோ சூடாக்கி நொதியத்தை முடக்கிவிடுவதால் அதில் கட்டெக்கின்கள் மாறாதிருக்கும்.

இனி, பெட்டிகளில் அச்சிடும் வாசகங்களுக்கு வருவோம். அவற்றுள் முதலாவது, ஒட்சியேற்றத்தை எதிர்க்கும் குணம். ஒட்சிசன் இல்லாமல் உயிர் இல்லை. எனினும் அதனை எரித்து வலுப்பெறும் வேளையில், அடுப்பிலிருந்து பொறி தெறிப்பதுபோல, உடம்புக்குள் சில கட்டற்ற துணுக்குகள் தோன்றுகின்றன. அவை கொழுப்பையும் புரதத்தையும் கலங்களின் பரம்பரைப் பொருளையும் தாக்கவல்லவை. தேயிலையின் பொலிபீனோல் தன்னிடமுள்ள இலத்திரனை அந்தத் துணுக்குக்குக் கொடுத்து அதனை அடக்குகின்றது. பொறிகளை மூட்டிவிடுவதில் வல்லவையான இரும்பையும் செப்பையும் தானே பிடித்துக் கட்டிவைப்பதும் அதன் மற்றொரு வழி. இந்த இரண்டாவது வழியை நேயர்கள் மறவாது வைத்திருக்க வேண்டும். பின்னர் அதுவே முக்கியமாகப் போகின்றது. பச்சைத் தேயிலைக்கே இக்குணம், கறுப்புத் தேயிலை வெறும் சாயம் என்று சிலர் கூறுவது சரியன்று. தியாபிளேவின்களும் கட்டெக்கின்களும் இவ்விஷயத்தில் சமவலிமை உடையன என்று ஹொங்கொங் ஆய்வாளர்கள் 2001 ஆம் ஆண்டில் சோதனைக்குழாயில் காட்டினார்கள்.

ஆனால் சோதனைக்குழாய் வேறு, மனித உடம்பு வேறு. குடித்த கட்டெக்கினில் மிகச் சிறு பகுதியே உருமாறாமல் இரத்தத்தில் சேருகின்றது. எஞ்சியதைக் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் உடைத்து வேறாக்கிவிடுகின்றன. ஒல்லாந்து தேசத்தில் சுற்பென் என்ற ஊரில் 805 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், இத்தகைய தாவரப் பொருள்களை மிகுதியாக உட்கொண்டவர்கள் இருதய நோயால் இறப்பது குறைவு என்று 1993 இல் அறிவித்தனர். அவர்கள் உட்கொண்டதில் பெரும்பகுதி தேநீரிலிருந்து வந்தது. உலகெங்கும் தேயிலை வியாபாரிகள் மகிழ்ந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து வேல்ஸ் நாட்டுக் கயர்பிலி ஊரில் அதே ஆய்வாளர் வேறு ஆடவர் கூட்டத்தை ஆராய்ந்தபோது அந்த நன்மை தென்படவில்லை. பண்டங்களின் ஒட்சியேற்ற எதிர்ப்பு வலிமையை எண்களாக வெளியிட்டுவந்த அமெரிக்க விவசாயத் திணைக்களம், வியாபாரிகள் அந்த எண்களைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்றும், உடலில் விளையும் பயனை அவை காட்டமாட்டா என்றும் கூறி 2012 இல் அந்தப் பட்டியலையே விலக்கிக்கொண்டது. எண் பெரிதாக இருப்பதால் மருந்து பெரிதாகிவிடாது.

இரண்டாவது வாசகம் நீரிழிவு பற்றியது. துவர்ப்புப்பொருள் உமிழ்நீர்ப் புரதத்தைப் பிடிப்பதுபோலவே, புரதங்களாகிய நொதியங்களையும் பிடிக்கவல்லது. சோற்றிலும் ரொட்டியிலும் உள்ள மாப்பொருளை அறுத்துச் சிறு துண்டுகளாக்கும் அமிலேசு என்ற நொதியம் உமிழ்நீரிலும் கணையநீரிலும் இருக்கின்றது. தேயிலைப் பொலிபீனோல்கள் அமிலேசின் வேலையைத் தடுப்பதை யப்பானியரான ஹாரா என்பவரும் அவரது கூட்டாளியும் 1990 இல் வெளியிட்டனர். அமிலேசின் வேகம் குறைந்தால் மாப்பொருள் மெதுவாகச் செரிக்கும். உணவுக்குப் பின் இரத்தத்தில் குளுக்கோசு திடீரென ஏறாது. எண்ணம் சரியானதே. ஆனால் வாய்க்கும் குடலுக்கும் இடையில் இந்தப் பொருள்களைப் பிடித்துக்கொள்ள உணவின் புரதங்களும் பாலின் புரதங்களும் காத்திருக்கின்றன. நொதியத்தை எட்டும்போது எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பொறுத்தே பலன் அமையும்.

நொதியத்தைத் தடுக்கும் தாவரம் என்றால் எத்தகையது என்பதைக் காட்டுவதற்கு, இலங்கையிலேயே தேயிலையைவிடச் சிறந்த உதாரணம் ஒன்று உண்டு. ஈரவலயக் காடுகளில் படரும் ஒரு கொடிவகை அது. சிங்கள மக்கள் கொத்தல ஹிம்புட்டு என்பார்கள். தமிழ்நாட்டு வைத்தியர்கள் அவ்வினத்தைப் பொன்கொரண்டி என்பார்கள். அதன் கட்டையைக் கடைந்து குவளை செய்து, இரவில் நீர் ஊற்றி வைத்து, காலையில் அந்த நீரை நீரிழிவு நோயாளிக்குக் கொடுப்பது இலங்கையின் நாட்டு வழக்கம். குவளையே மருந்து. கியோத்தோ மருந்தியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஷிகாவாவும் கூட்டத்தாரும் இந்தக் கொடியை ஆராய்ந்து 1997 இல் சலாசினோல் என்ற பொருளையும், மறுவருடம் கொத்தலனோல் என்ற பொருளையும் பிரித்தனர். இலங்கையின் பெயரே இரண்டாவதில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்கலாம்.

தேயிலை நொதியத்தைப் பிடிப்பது பிசின் ஒட்டுவதுபோல. யாரைப் பிடிக்கின்றது என்ற பேதம் அதற்கு அதிகமில்லை. சலாசினோலின் வேலையோ கள்ளச்சாவி போன்றது. அதன் உருவம் சர்க்கரையின் உருவத்தை ஒத்தது. நடுவே கந்தக அணுவொன்று நேர்மின் ஏற்றத்தோடு இருக்கின்றது. குடற்சுவரில் இருக்கும் அல்பா குளுக்கோசிடேசு என்ற நொதியம் அதனைச் சர்க்கரையென்று நம்பித் தன் பூட்டுக்குள் ஏற்றுக்கொள்கின்றது. பின் அறுக்கவும் இயலாது, உடனே விடவும் இயலாது நிற்கின்றது. வைத்தியர்கள் நீரிழிவுக்குக் கொடுக்கும் அகார்போசு என்ற மருந்தும் இதே வழியில் வேலை செய்வதுதான். இலங்கையில் 51 நோயாளிகளுக்கு இக்கொடி சேர்ந்த தேநீரை மூன்று மாதமும், அது சேராத தேநீரை மூன்று மாதமும், எது எது என்று நோயாளிக்கும் வைத்தியருக்கும் தெரியாதபடி மாற்றிக் கொடுத்துப் பார்த்து, முடிவை 2005 இல் வெளியிட்டனர். இரத்தத்தின் ஈமோகுளோபினில் குளுக்கோசு ஒட்டியிருக்கும் விகிதம், நீண்டகாலச் சீனிக் கட்டுப்பாட்டை அளக்கும் கருவி. கொடி சேர்ந்த தேநீரின் முடிவில் அது நூற்றுக்கு 6.29, சேராததன் முடிவில் 6.65. வித்தியாசம் சிறிது, ஆனால் தற்செயலாக வந்ததென்று தள்ள இயலாதது. குவளையில் நீர் ஊற்றிக் கொடுத்த பாட்டிமாரின் அநுபவம் பரீட்சையில் தேறிவிட்டது என்று மகிழ்வதற்கு இடமுண்டு. குளிகையை நிறுத்திவிட்டுக் குவளையை எடுக்கலாம் என்பதற்கு அந்த ஆய்வில் இடமில்லை. சோதனைக்கு உட்பட்டவர்கள் தங்கள் வழக்கமான மருந்தோடுதான் அதனைக் குடித்தார்கள்.

தோட்டத்துத் தேநீருக்குத் திரும்பினால், கணக்கு ஒன்று போட வேண்டியிருக்கின்றது. ஒரு மட்டக் கரண்டிச் சீனி ஏறத்தாழ 4 கிராம். கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வகுத்த அளவின்படி, சேர்க்கும் சீனி முழுதும் சேர்த்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராமுக்குள் நிற்கவேண்டும். 25 கிராமுக்குள் நின்றால் மேலும் நன்று. தேநீர் அமிலேசைத் தடுப்பது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், சீனியைப் பிளப்பதற்கு அமிலேசு தேவையே இல்லை. அதற்கு வேறு நொதியம் குடற்சுவரில் இருக்கின்றது. ஆகவே கோப்பையிலுள்ள துவர்ப்பு, அதே கோப்பையிலுள்ள இனிப்பைத் தடுத்து நிறுத்தும் என்று நம்புவது வீண். இலங்கையில் இருபது வயதுக்கு மேற்பட்டவர்களுள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு உண்டு என்று 2005, 2006 ஆம் ஆண்டுகளில் எடுத்த கணிப்புக் காட்டியது. மலையேறி உழைக்கும் உடம்புக்குச் சீனி நோய் வராது என்ற பழைய எண்ணத்தைத் தோட்டப்புற மருந்தகங்களின் வரிசைகள் இன்று பொய்யாக்குகின்றன.

மூன்றாவது விஷயம் ஒன்று உண்டு. அதனை எந்தப் பெட்டியிலும் அச்சிடுவதில்லை. துவர்ப்புப்பொருள் இரும்பைக் கட்டிவைக்கும் என்று முன்பு கூறப்பட்டது. இரத்தத்தில் பொறிமூட்டும் இரும்பைக் கட்டினால் அதனை நன்மை என்கிறோம். குடலில், உணவிலிருந்து வரும் இரும்பைக் கட்டினால் அதனை என்னவென்பது? ரொட்டியிலும் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு, தேநீரின் பொலிபீனோலோடு சேர்ந்து கரையாத கலவையாகி, உடம்பில் சேராமலே வெளியேறிவிடுகின்றது. இரும்பு உப்போடு தேநீர் கலந்தால் மை போலக் கறுப்பதைப் பழங்காலத்தில் மை காய்ச்சியவர்கள் அறிவார்கள். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை செய்ததும் இந்தப் பிணைப்பைக் கொண்டுதான்.

இதனை அளந்து காட்டிய ஆய்வு 1975 இல் வெளியாயிற்று. ஆராயப்பட்டவர்கள் யார் என்பது தமிழ் நேயர்களின் நெஞ்சைத் தொடும். தென்னாபிரிக்காவில் டர்பன் நகருக்கு அணித்தே வாழ்ந்த இந்திய வம்சாவளிக் குடும்பப் பெண்கள் அவர்கள். கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போனவர்கள் வழிவந்த சமூகத்தவர். பாண், சோறு முதலியவற்றோடு தேநீர் குடித்தபோது இரும்பு உடம்பில் சேர்வது வெகுவாகக் குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டனர்.

அதற்கு நான்கு ஆண்டுகள் பின்னர், 1979 இல், எட்ஜர்ட்டன், சேனவிரத்ன முதலியோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரை ஆராய்ந்து எழுதியது வெளிவந்தது. இரத்தசோகை உள்ள தொழிலாளருக்கு இரும்புச்சத்துக் கொடுத்தபின் அவர்கள் நாளில் அதிகமாக நடமாடினார்கள். கிள்ளிய கொழுந்தின் எடையும் கூடிற்று. சோகை கடுமையாக இருந்தவர்களிடத்தில் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. கொழுந்தின் எடையே கூலியை நிர்ணயிக்கும் இடத்தில், இரத்தத்தின் ஈமோகுளோபின் மருத்துவக் கணக்கு மட்டுமன்று. அடுப்படிக் கணக்கும் ஆகின்றது. பேறு கால மயக்கம், குறைந்த எடையோடு பிறக்கும் குழந்தை, மாலையில் மடுவத்துக்கு இறங்கும்போது முழங்கால் நடுங்குவது — இவையெல்லாம் சோகையின் கிளைகள். சோம்பேறி என்று ஏச்சுக் கேட்ட எத்தனையோ பெண்கள் சோம்பேறிகளல்லர், இரத்தம் குறைந்தவர்கள்.

சோகைக்குத் தேநீர் ஒன்றே காரணம் என்று கொள்வது நியாயமாகாது. கொக்கிப்புழு, அடுத்தடுத்த பேறு, மீனும் இறைச்சியும் அரிதாக ஏறும் தட்டு ஆகியன அதைவிடப் பெரிய காரணங்கள். உடம்பில் இரும்பு போதிய அளவு உள்ளவர்களைத் தேநீர் சோகையாளராக்கிவிடாது. இருப்புக் குறைந்தவரிடத்திலேதான், அதிலும் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும்போதுதான், இந்தக் கட்டுமானம் கேடாகின்றது. தேநீரைக் கைவிடுமாறு நோர்வூட்டு மக்களிடம் சொல்ல வேண்டியதில்லை; சொன்னால் கேட்கப்போவதுமில்லை, கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. நேரத்தை மாற்றினால் போதும். இங்கிலாந்தில் பன்னிரண்டு பெண்களைக் கொண்டு நடத்தி 2017 இல் வெளியிட்ட ஆய்வில், உணவுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரம் விட்டபோது இரும்பின் இழப்பு நன்றாகக் குறைந்தது.

ஆகையால் விடியலில் எழுந்தவுடன் ஒரு கோப்பை குடிப்பவர், ரொட்டியை அதன்பின் நேரம் விட்டு உண்ணலாம். அல்லது ரொட்டியை முன்னே உண்டு, தேநீரைப் பத்து மணி ஓய்வுக்குத் தள்ளலாம். பெரட்டுக்கு ஓடவேண்டிய அவசரத்தில் இது எளிதன்று என்பது உண்மையே. குளிரிலே சூடான ஒன்று வயிற்றுக்குப் போகாமல் மலையேற யாருக்கும் மனம் வராது. காலைத் தேநீரை விடமுடியாதவர்கள், பகல் உணவையாவது அதிலிருந்து பிரித்து வைத்துக்கொள்ளலாம். சம்பலில் தேசிக்காய்ச் சாறு தாராளமாகப் பிழிவதும், வேலியோரத்துக் கொய்யாவை உணவோடு சேர்ப்பதும், கருவாட்டுத் துண்டு ஒன்று குழம்பில் இருப்பதும் இரும்பை உடம்பில் சேர்க்கும் பக்கத்துக்கு வலுக்கொடுக்கும். கொய்யா விலைக்கு வாங்க வேண்டியதில்லை என்பது அதன் முதல் சிறப்பு.

கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்புக் குளிகையைச் சிலர் தேத்தண்ணீரோடு விழுங்குகிறார்கள். குமட்டல் தெரியாமலிருக்கும் என்று மாமியார் சொல்லிக்கொடுத்த வழி. அவ்வாறு விழுங்கிய குளிகையின் பெரும்பகுதி கேத்தலுக்கே போனதாகக் கொள்ளலாம். 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் டிக்கோயாவில் புதிய ஆஸ்பத்திரிக் கட்டிடம் திறக்கப்பட்டபோது நோர்வூட் மைதானத்தில் திரண்ட கூட்டம் பெரிது. இந்தியப் பிரதமர் அன்று அங்கே பேசினார். கட்டிடமும் கட்டில்களும் வேண்டியவையே. குளிகையை வெந்நீரோடு விழுங்கும்படி, லயத்துக்கு வரும் மருத்துவமாது ஒரு வார்த்தை சொல்லிவைப்பதும், அதை மாமியாரின் காதிலும் விழும்படி சொல்வதும் அதற்குச் சற்றும் குறைந்த உதவியன்று.

தேயிலைச் சத்தைச் செறிவாக்கிக் குளிகைகளாக விற்பதும் இப்போது பெருகியிருக்கின்றது. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் முதன்மைக் கட்டெக்கினை அவ்வாறு உட்கொள்வது ஈரலுக்குத் தீங்கின் அறிகுறிகளைக் காட்டுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018 இல் எச்சரித்தது. கோப்பையில் ஊற்றிக் குடிக்கும் சாயத்தில் அந்தப் பயம் கண்டறியப்படவில்லை. குடிக்கும்போது வாய் சுருங்கி, போதும் என்று நாக்கே சொல்லிவிடுகின்றது. குளிகைக்கு நாக்கு இல்லை.

பால் விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் வாய்க்கு மென்மையாக இருக்கும். ஆயினும் இரும்பு தப்பிவிடும் என்று அதனைக்கொண்டு எண்ணவேண்டாம். பாலிலுள்ள கல்சியமும் இரும்புக்கு நண்பனன்று. பால்தேநீராயினும் சாயத் தேநீராயினும், சோறு இறங்கி ஒரு மணி நேரம் சென்றபின் குடிப்பதே கணக்கு. மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்து, கூடையை இறக்கிவைத்து, முகம் கழுவி, பிள்ளைகள் வாசலில் விளையாட, இராச் சோற்றுக்கு இன்னும் நேரம் கிடக்கும் அந்த வேளைக்குக் கேத்தலை அடுப்பில் ஏற்றினால், அந்தக் கோப்பையைப் பற்றி வைத்தியருக்கும் முறைப்பாடு இராது.